மணக்கும் ஏற்காடு மலை... காபி, மிளகு, தைலத்துக்குள் என்ன இருக்கு? 'இயற்கைதானே' என்று ஏமாறாதீங்க!

ஏற்காடு:

சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போகிறவர்களுக்கு கண்ணுக்கு முன்னாடி மூக்குக்குத்தான் வேலை வரும். ஒரு பக்கம் காபி வறுக்கும் வாசம். இன்னொரு பக்கம் யூகலிப்டஸ் தைல வாசம். மழை பெய்து முடிந்த மார்ச், ஏப்ரல் மாதம் என்றால் காபிப் பூவே மல்லிகை மாதிரி மணக்கும்.

ஏரியைச் சுற்றிவிட்டு கடைப்பக்கம் போனால் போர்டு வைத்திருப்பார்கள். 'ஆர்கானிக் காபித்தூள்', '100 சதவீதம் இயற்கை தைலம்', 'கெமிக்கல் கிடையாது' என்று எழுதியிருக்கும். சுற்றுலா வருகிறவர்களும் இயற்கைதானே, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது என்று நம்பி பை நிறைய வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் அந்த காபித்தூளிலும் கெமிக்கல் இருக்கு. மிளகிலும் இருக்கு. தைலம் என்றால் முழுக்கவே கெமிக்கல்தான். அதை யாரும் கலக்கவில்லை. செடியே செய்து வைத்திருக்கிறது. அதில் எது மருந்து, எது விஷம் என்று தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

யூரியாவும் 'ஆர்கானிக்'தான்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். கடைக்காரர் சொல்லும் 'ஆர்கானிக்' வேறு, பள்ளிக்கூடத்தில் சொல்லும் 'ஆர்கானிக்' வேறு. கடையில் அந்த வார்த்தைக்கு ரசாயன உரம், பூச்சி மருந்து போடாமல் விளைந்தது என்று அர்த்தம். பிளஸ்-2 பாடப்புத்தகத்தில் கரிம வேதியியல் என்று வரும். அதாவது கார்பனை வைத்து உருவான பொருட்களைப் பற்றிய படிப்பு. நம்ம அடுப்புக் கரி இருக்கிறதே, அது பெரும்பாலும் கார்பன்தான்.

சர்க்கரை, எண்ணெய், சாராயம், பெட்ரோல், பிளாஸ்டிக், காய்ச்சல் மாத்திரை எல்லாமே கார்பன் பொருட்கள்தான். 200 வருஷத்துக்கு முன்னாடி வரை உயிருள்ள செடி, கொடி, மிருகத்தின் உடம்பில் மட்டும்தான் இதெல்லாம் உண்டாகும் என்று நம்பினார்கள். 1828-ம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த வோலர் என்ற விஞ்ஞானி, சிறுநீரில் இருக்கும் யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். செடியில் வந்தாலும் சட்டியில் செய்தாலும் யூரியா யூரியாதான் என்று அப்போது தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு 'ஆர்கானிக்' விவசாயிகள் தொடவே தொடாத அந்த யூரியா, கெமிஸ்ட்ரி கணக்குப்படி பார்த்தால் அசல் ஆர்கானிக் பொருள்!

ஏற்காட்டுக்கு காபி வந்த நேரம்

சேர்வராயன் மலைக்கு காபியைக் கொண்டு வந்தவர் எம்.டி.காக்பர்ன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர். அரேபியாவில் இருந்து காபிச் செடியை வரவழைத்து இங்கே நடச் செய்தார். ஆரஞ்சு, பேரிக்காய், ஆப்பிள் என்று பழ மரங்களையும் கொண்டு வந்தார். 'ஏற்காட்டின் தந்தை' என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

சரியாக அதே சமயத்தில், அதாவது 1819-ம் ஆண்டு, ஜெர்மனியில் ரூங்கே என்ற இளம் விஞ்ஞானி காபிக் கொட்டையில் இருந்து ஒரு வெள்ளைப் பொடியைப் பிரித்து எடுத்தார். அவரிடம் காபிக் கொட்டையைக் கொடுத்து இதில் என்ன இருக்கு என்று பார்க்கச் சொன்னவர் அந்நாட்டின் புகழ்பெற்ற கவிஞர் கதே. அந்த வெள்ளைப் பொடிதான் கபீன்.

கபீனுக்கு மணம் கிடையாது. நாக்கில் வைத்தால் கசக்கும். செடி அதை நமக்காகச் செய்யவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டத்தான் செய்து வைத்திருக்கிறது. நாம் குடித்தால் அது நேராக மூளைக்குப் போகிறது. உழைத்துக் களைத்த உடம்பில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து 'போய்ப் படு' என்று மூளைக்குச் சொல்லும். அது உட்கார வேண்டிய இடத்தில் கபீன் போய் உட்கார்ந்து கொள்கிறது. அதனால்தான் தூக்கம் வருவதில்லை. களைப்பு உள்ளே அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் அதிகம் விளைவது அராபிகா காபி. அதன் கொட்டையில் கபீன் சுமார் 1.2 சதவீதம். ரோபஸ்டா ரகத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கரியில் கபீன் சுத்தமாக இல்லை. அது ஒரு கிழங்கை வறுத்து அரைத்த தூள். நிறமும் கெட்டியும் கொடுக்கும். பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது விதி. வாங்கும்போது திருப்பிப் பாருங்க.

நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கபீன் வரை பிரச்சினை இல்லை என்று உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. நாலு டம்ளர் காபி என்று வைத்துக் கொள்ளலாம். கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. டீயிலும் கபீன் உண்டு, அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

அப்படியானால் காபி மணம் எங்கிருந்து வருகிறது? பச்சைக் கொட்டையை மோந்து பாருங்க, புல் வாசம்தான் வரும். 200 டிகிரி சூட்டில் வறுக்கும்போது கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதுப் பொருட்களாக மாறுகின்றன. அவை காற்றில் பறக்கக் கூடியவை. டப்பாவைத் திறந்தே வைத்தால் மணம் போய்விடும், கபீன் மட்டும் உள்ளேயே இருக்கும்.

மிளகு: காரம் வேற, மணம் வேற

காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். இதையும் அதே 1819-ம் ஆண்டில்தான் பிரித்து எடுத்தார்கள். பிரித்தவர் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட். மின்சாரம் பாயும் கம்பிக்குக் காந்த சக்தி உண்டு என்று கண்டுபிடித்த அதே ஆள்தான்.

பைப்பரின் ஆவியாகாது. மிளகின் மணம் மட்டும் ஆவியாகும் எண்ணெயில் இருந்து வருகிறது. அதனால்தான் பழைய மிளகுத் தூளில் மணம் போயிருக்கும், காரம் மட்டும் அப்படியே இருக்கும். ரசத்துக்கு அப்போதே இடிச்சுப் போடணும் என்று பாட்டிமார்கள் சொல்வது சும்மா இல்லை.

மஞ்சள் பாலில் மிளகு போடுவதற்கும் காரணம் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் சுலபத்தில் ரத்தத்தில் சேராது. கொஞ்சம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது 20 மடங்கு வரை அதிகமாகச் சேர்ந்தது என்று 1998-ல் பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இதே பைப்பரின் வேறு சில மாத்திரைகளையும் ரத்தத்தில் கூடுதலாகச் சேர விடும். சாப்பாட்டு மிளகுக்கு பயப்பட வேண்டாம். ஆனால் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிளகு, மஞ்சள் 'கேப்சூல்' வாங்கி விழுங்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

விலை ஏறும் பொருளில் கலப்படமும் ஏறும். மிளகில் பப்பாளி விதையைக் கலப்பது பழைய தந்திரம். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். இன்னொரு தந்திரம், மிளகு பளபளவென்று இருக்க மினரல் ஆயில் தடவுவது. அது பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது. 2012 டிசம்பரில் இந்தப் புகாரில் கொச்சி குடோன்களில் ஆயிரக்கணக்கான டன் மிளகை அதிகாரிகள் முடக்கி வைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆரஞ்சுத் தோலில் தீப்பொறி

ஏற்காடு ஆரஞ்சு ஒரு காலத்தில் பேர் போனது. அதன் தோலை மடக்கிப் பிழிந்தால் சாரல் மாதிரி தெறிக்கும். அதில் பெரும்பகுதி லிமோனின் என்ற எண்ணெய். பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், அவ்வளவுதான் அதன் சரக்கு. எரியும் மெழுகுவர்த்தி பக்கம் பிழிந்தால் படபடவென்று தீப்பொறி பறக்கும். ஊதிய பலூன் மேல் பட்டால் பட்டென்று வெடிக்கும். தெர்மாகோல் மேல் விட்டால் கரைத்துக் குழி போடும்.

இப்படிக் கரைக்கும் குணம் இருப்பதால்தான் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம், சோப்பு என்று பலவற்றில் இதைச் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் செய்து பார்க்க ஆசைப்பட்டால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது.

தைல பாட்டில்... குழந்தை கைக்கு எட்டக்கூடாது

வாசனைத் தைலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பழைய சொந்தம். ரோஜா மாதிரி மணக்கும் ஜெரேனியம் தைலச் செடி, 20-ம் நூற்றாண்டு தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மூலம் இந்தியாவில் முதலில் வந்து இறங்கியது இந்த மலையில்தான். பிறகு நீலகிரிக்குப் போனது.

இன்றைக்கு சுற்றுலா வருகிறவர்கள் அதிகம் வாங்குவது யூகலிப்டஸ் தைலம். அதில் இருக்கும் முக்கியப் பொருள் சினியோல். சளி பிடித்தவர்களுக்கு மூக்கு திறந்த மாதிரி இருக்கும். வெளிப்பூச்சுக்கு சரி. ஆனால் இதுதான் பல வீடுகளில் ஆபத்தாக முடிகிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தைலத்தை சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் மயக்கம், வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். கைக்குழந்தைக்கு மூக்கிலோ மூக்குக்குக் கீழேயோ தைலம் தடவவே கூடாது. மூச்சு முட்டும்.

சாமி கும்பிடும் சூடமும் அப்படித்தான். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுவிட்டால் சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம். பீரோவில் போடும் பாச்சா உருண்டை பெரும்பாலும் நாப்தலின். நிலக்கரித் தாரில் இருந்து எடுப்பது. பிறவியிலேயே ஒருவித நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரவைக்கும். பாச்சா உருண்டை போட்டு வைத்த துணியை பச்சிளம் குழந்தைக்கு அப்படியே சுற்றாதீர்கள்.

இந்த மூன்றில் எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலையோ பாக்கெட்டையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் கவனத்துக்கு

காபிக்குப் பூச்சித் தொல்லை உண்டு. காய்க்குள் புகும் துளைப்பான் ஒன்று, தண்டுக்குள் புகும் துளைப்பான் ஒன்று. காய்த் துளைப்பானுக்கு ஒரு காலத்தில் சொல்லப்பட்ட மருந்து எண்டோசல்பான். குளோரின் சேர்ந்த கார்பன் பொருள் இது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் உடம்பில் தங்கிவிடும். கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் தெளித்தது எப்படி முடிந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானுக்குத் தடை போட்டது.

இன்னொரு வகை, பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சி மருந்துகள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் இந்த வகை. பூச்சியின் நரம்பைச் செயலிழக்க வைத்துத்தான் அதைக் கொல்கின்றன. மனுஷன் நரம்பும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. குடித்தால்தான் விஷம் என்று நினைக்கிறார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். மருந்து அடித்த கையோடு பீடி பற்றவைப்பது, டிபன் பாக்ஸைத் திறப்பது, நனைந்த சட்டையோடு சாயங்காலம் வரை வேலை பார்ப்பது எல்லாமே ஆபத்துதான்.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, அதிக வியர்வை, கண்ணீர், வாந்தி, கண் பாப்பா ஊசிமுனை போல் சுருங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே சட்டையைக் கழற்றி சோப்பு போட்டுக் குளிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். உதவுகிறவர்கள் வெறும் கையால் அந்தத் துணியைத் தொடக்கூடாது.

மருந்து டப்பாவில் முக்கோண வடிவில் ஒரு கலர் அடையாளம் இருக்கும். எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் கலர் தெரியும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியாக பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. குறைவு, அவ்வளவுதான்.

இந்த விஷத்துக்கு டாக்டர்கள் போடும் ஊசி எது தெரியுமா? அட்ரோபின். ஊமத்தைச் செடியில் இருக்கும் விஷச் சத்துகளில் ஒன்று அது. ஊமத்தங்காயைத் தின்றால் ஆளைக் கொல்லும். அதே பொருள் டாக்டர் கையில் அளந்து போடும்போது உயிரைக் காப்பாற்றுகிறது. அதற்காக யாரும் வீட்டில் ஊமத்தை இலையை அரைத்துக் கொடுத்து வைத்தியம் பார்த்துவிடக்கூடாது. அளவு தெரியாமல் கொடுத்தால் இரண்டாவது விஷமாகத்தான் போய் முடியும்.

ஒரே ஒரு கார்பன் வித்தியாசம்... உயிர் போச்சு

ஏற்காட்டுக்குக் கிழக்கே இருப்பது கல்வராயன் மலை. அதன் அடிவாரப் பக்கம் இருக்கும் கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம் கருணாபுரம் பகுதியில் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். பலரை சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இதே மாதிரி பலியானார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்.

கொன்றது மெத்தனால். மதுவில் இருப்பது எத்தனால். எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன். பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரி. வாசமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குடித்தவுடன் போதையும் ஏறும். நாக்கில் வைத்தோ மோந்து பார்த்தோ எவராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 'நமக்கு சரக்கு தெரியும்' என்று சொல்கிற பழைய குடிகாரர்களாலும் முடியாது.

மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பெயிண்ட், தின்னர், பிசின் செய்யப் பயன்படுவது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. சிவப்பெறும்பு கடித்தால் சுரீரென்று எரியும் அல்லவா, அந்த எறும்பு அமிலம்தான் இது. அது ரத்தத்தில் சேர்ந்ததும் முதலில் கண் நரம்பு அடிவாங்குகிறது. பார்வை மங்கும், எல்லாம் வெள்ளையாகப் பனிமூட்டம் மாதிரி தெரியும். பிறகு மூச்சு வாங்கும், நினைவு தப்பும்.

இதில் மோசமான விஷயம், இந்த மாற்றத்துக்கு நேரம் எடுக்கும். அறிகுறி முழுசாகத் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். ராத்திரி குடித்தவர் காலையில் நல்லாத்தான் இருப்பார். தலைவலி, வயிற்றுவலியை 'நேத்து அடிச்ச சரக்கு' என்று நினைத்து மோர் குடித்துப் படுத்துவிடுவார். அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழி உண்டு. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இருக்கிறது. டாக்டர்கள் சில நேரம் எத்தனாலையே அளவு பார்த்து மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பாட்டில் வாங்கி ஊற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நேரம்தான் வீணாகும்.

ஒருவருக்கு அறிகுறி தெரிந்தால் கூடக் குடித்த மற்றவர்களும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வீட்டில் படுத்திருந்தால் கண்ணோ உயிரோ போய்விடும்.

ஞாபகம் வச்சுக்க வேண்டியவை

* தைலம், மண்ணெண்ணெய், தின்னர், பூச்சி மருந்து எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீங்க. தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

* காலி மருந்து கேனைக் கழுவி தண்ணீர் பிடிக்கக்கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் மிச்சம் இருக்கும்.

* தைலத்தில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்க. காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை நன்றாகத் தெரிந்தால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கு. டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதனால் தயாரிப்பாளர் விலாசம் இல்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பதே நல்லது.

* விஷம் உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே 108-க்கு போன் போடுங்க. என்ன பொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை பார்க்கும் ஜனங்கள் நாள் முழுக்க இந்தப் பொருட்களுக்கு நடுவேதான் இருக்கிறார்கள். காலையில் காபி, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் மேல்வலிக்குத் தைலம். மூன்றுமே கெமிக்கல்தான், மூன்றுமே நல்லதுதான். 'இயற்கை' என்ற ஒரு வார்த்தையை நம்பி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். 'கெமிக்கல்' என்று கேட்டு எல்லாவற்றையும் பார்த்து மிரளவும் வேண்டாம். பாட்டிலுக்குள் இருப்பது என்ன, அது எவ்வளவு போனால் தாங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கேட்காமல் போனதற்குக் கருணாபுரத்தில் கொடுத்த விலை நம் கண் முன்னாடி இருக்கிறது.